சந்தோசம், சான்றிதழ், சம்பளம்: கல்முனைக் கரையில் விளையாட்டுக்குக் கிடைத்த கூலி

கல்லூரியின் பெயரைச் சட்டையில் தாங்கி விளையாடும் மாணவனுக்கு அக்கல்லூரி கூலி கொடுக்கலாமா என்ற வினா, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பல்கலைக்கழகச் சபைகளையும் நீதிமன்றங்களையும் அலைக்கழித்து வந்துள்ளது. இலங்கையின் தென்கிழக்குக் கரையில், மருதமுனையில் தொடங்கிக் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று, இடையிடையே தமிழ்க் கிராமங்களைக் கொண்டு தொடரும் முஸ்லிம் ஊர்களில், அவ்வினா அந்த வடிவில் எழுந்ததே இல்லை. எழாததைக் கொண்டு இங்கே விளையாட்டும் பணமும் ஒன்றையொன்று தீண்டாமல் இருந்தன என்று முடிவு கட்டுவது பிழையாகும். திறமையுள்ள உடலுக்கு இக்கரை எப்போதும் ஏதோ ஒரு விலையைக் கொடுத்தே வந்திருக்கிறது. அது கல்லூரி வாசல் வழியாக வராமல் வேறு வாசல்கள் வழியாக வந்தது என்பதும், எந்த வாசல் வழியாக வந்ததோ அதுவே அந்தந்தக் காலத்து விளையாட்டின் போக்கைத் தீர்மானித்தது என்பதும் இவ்வரலாற்றின் சாரம்.

பாடசாலை மைதானங்கள் தோன்றுவதற்கு முன்னர் இக்கரையில் உடற்பயிற்சிக்கு இடமளித்தவை சீனடியும் பொல்லடியும் ஆகும். சீனடி என்பது கைகால் அடிமுறையும் சிலம்பமும் சேர்ந்த தற்காப்புக் கலை. பொல்லடி என்பது குறுந்தடிகளைத் தாளத்துக்கு ஏற்ப மோதவிட்டு வட்டமாகச் சுற்றி ஆடும் குழு ஆட்டம். ஆட்டத்தைப் பழக்குபவரை அண்ணாவியார் என்று அழைப்பது வழக்கம். கலியாணம், சுன்னத்து வைபவம், பெருநாள், கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலின் கொடியேற்றம் போன்ற நாட்களில் இக்குழுக்கள் அழைக்கப்பட்டன. அழைத்தவர் அண்ணாவியாருக்குச் சால்வை போர்த்தி, ஆடியவர்களைச் சஹன் என்னும் பெருந்தட்டைச் சுற்றி அமர்த்திச் சோறு போட்டு, புறப்படும்போது கையில் ஒரு தொகையைப் பொத்திக் கொடுப்பார். அத்தொகைக்குச் 'சந்தோசம்' என்று பெயர். கூலி என்று சொன்னால் கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே முதலாளி, வேலையாள் என்ற உறவு வந்துவிடும். சந்தோசம் என்ற சொல் அவ்வுறவை மறைத்து, கொடுப்பதை மகிழ்ச்சியின் வெளிப்பாடாக்கிவிடுகிறது. தொகையை முன்கூட்டிப் பேசுவது மரியாதைக் குறைவு; ஆனால் குறைவாகக் கொடுத்த வீட்டின் பெயர் ஊரில் நிலைத்துவிடும். இவ்வேற்பாட்டின் பின்னால் நின்றவர்கள் பெரும்பாலும் போடியார்கள், அதாவது பெருவயல்களை உடைய காணிக்காரர்கள். வேளாண்மை வெட்டி, சூடடித்து, நெல் அவணக் கணக்கில் வீடு வந்து சேர்ந்த காலத்தில்தான் ஆட்டக்காரரின் கையும் நிறைந்தது. ஆடுபவன் தன் திறமைக்குப் பரிசு பெறுவதில் எவருக்கும் கூச்சம் இருக்கவில்லை என்பதே இங்கே கவனிக்க வேண்டிய செய்தி.

அக்கூச்சத்தைக் கொண்டுவந்தது ஆங்கிலப் பாடசாலை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெஸ்லியன் மிஷன் கல்முனையில் வேரூன்றியபோது, கிரிக்கெட் மட்டையோடு 'அமெச்சூர்' என்ற கருத்தும் வந்து சேர்ந்தது. விளையாட்டை வருமானத்துக்காக அன்றி விருப்பத்துக்காக ஆடுபவரே கண்ணியமான வீரர் என்பது அதன் பொருள். கேட்பதற்கு உயர்ந்ததாக ஒலிக்கும் இக்கருத்தின் பிறப்பு அத்தனை உயர்ந்ததன்று: இங்கிலாந்தின் ஹென்லி படகுப் போட்டி 1879இல் வகுத்த விதி, கைத்தொழிலாளியையும் கூலியாளையும் அமெச்சூர் அல்லர் என்று ஒதுக்கியது, பணம் வாங்கினாரா என்பதோடு உடலால் உழைத்துப் பிழைக்கிறாரா என்பதையும் அது கேட்டது. அமெரிக்காவின் பூர்வகுடி மாணவர்களுக்கான கார்லைல் பாடசாலையைச் சேர்ந்த ஜிம் தோர்ப், 1912 ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக்கில் இரு தங்கப் பதக்கங்கள் வென்றும், அதற்கு முன்னர் சிறு பேஸ்போல் அணியொன்றில் கைச்செலவுப் பணம் வாங்கி விளையாடினார் என்பதற்காக 1913இல் அவற்றை இழந்தார். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குப் பெருமையாக அமைந்த விதி வசதியற்றவனுக்குத் தண்டனையாக அமைந்ததை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு அரிது. கல்முனைப் பாடசாலைகளில் இவ்விதியை எவரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் பரிசளிப்பு மேடையில் கிண்ணமும் சான்றிதழும் இருக்கும், காசு இருக்காது என்ற வழக்கமாக அது ஊறிவிட்டது.

மேடையில் இல்லாத காசு படிப்புக்கென வரத் தொடங்கிய வகையில், இக்கரையின் கல்வி வரலாற்றில் 1942 ஒரு திருப்புமுனையான ஆண்டு. யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்து, இலங்கைச் சிவில் சேவையில் நுழைந்த முதல் முஸ்லிமான ஏ.எம்.ஏ. அஸீஸ், இரண்டாம் உலகப்போர்க் காலத்து உணவுத் தட்டுப்பாட்டைச் சமாளிக்கும் பொருட்டு அவசரகால உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு அனுப்பப்பட்டார். நெல் விளைச்சலைப் பெருக்க வந்தவர், இப்பகுதியில் படிக்கக்கூடிய பிள்ளைகள் பணமின்றிப் படிப்பை நிறுத்துவதைக் கண்டு, அதே ஆண்டில் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார். அம்முயற்சியே 1945இல் நாடு தழுவிய இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியமாக விரிந்தது. அஸீஸ் பின்னர் 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபராக இருந்த காலத்தில்தான், 1949இல், கல்முனையிலும் ஸாஹிறாக் கல்லூரி உருவானது. கல்வி அமைச்சர் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரவின் இலவசக் கல்வித் திட்டமும் 1945இல் நடைமுறைக்கு வந்திருந்தது.

'புலமைப்பரிசில்' என்ற இலங்கைத் தமிழ்ச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் புலமைக்குக் கொடுக்கும் பரிசு என்றே வரும். கல்முனைத் தாய் ஒருத்தி இச்சொல்லைக் கேட்டதும் நினைப்பது ஐந்தாம் ஆண்டுப் பரீட்சையைத்தான். பந்தையோ ஓட்டத்தையோ அன்று. அமெரிக்கக் கல்லூரி உலகில் இதற்கு ஈடான சொல் எதிர்த்திசையில் போனது. அங்கே கல்லூரிகளுக்கிடையிலான முதற் போட்டியாகக் கருதப்படும் 1852ஆம் ஆண்டின் ஹார்வர்ட், யேல் படகோட்டத்துக்கே ரயில் கம்பனி ஒன்றுதான் செலவைப் பொறுப்பேற்றது. தன் பாதையில் பயணிகளைச் சேர்ப்பது அதன் நோக்கம். ஆக, அமெச்சூர் கொள்கை அங்கு முளைத்தபோதே வணிகமும் கூடவே முளைத்திருந்தது. 1906இல் தோன்றிய தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் ஊதியத்தைத் தடைசெய்தது. 1929இல் வெளிவந்த கார்னகி நிதியத்தின் அறிக்கையோ, ஆராயப்பட்ட கல்லூரிகளுள் பெரும்பான்மையானவை வீரர்களை ஏதோ ஒரு வகையில் பணம் கொடுத்தே வைத்திருப்பதாகக் கண்டது. மறைவாக நடந்ததை ஒழிக்க முடியாத சங்கம், 1956இல் அதற்குப் புலமைப்பரிசில் என்ற பெயரைச் சூட்டி ஏற்றுக்கொண்டது: வீட்டு வசதியும் வறுமையும் பாராமல், விளையாட்டுத் திறன் ஒன்றுக்காகவே கட்டணம், தங்குமிடம், உணவு, புத்தகம் ஆகியவற்றைக் கல்லூரி வழங்கலாம் என்றாயிற்று. 1955இல் கொலராடோவில் ஆட்டக்களத்தில் தலையில் அடிபட்டு இறந்த ரே டெனிசன் என்ற மாணவரின் மனைவி தொழிலாளர் நட்டஈடு கேட்டபோது, மாநில உச்ச நீதிமன்றம் 1957இல் அதை மறுத்தது. கல்லூரிச் சங்கத்தார் அழுத்திப் பரப்பிய 'மாணவ வீரர்' என்ற தொடர் இத்தகைய வழக்குகளுக்கு எதிரான கேடயமாகவே வார்க்கப்பட்டது. மாணவர் என்றால் தொழிலாளி அல்லர். தொழிலாளி அல்லர் என்றால் நட்டஈடும் இல்லை.

இந்த அமைப்பின் நடுவே அதே காலத்தில் ஓர் இலங்கைத் தமிழரும் நின்றார். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் உயரம் பாயத் தொடங்கி, 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் பங்குபற்றிய நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், பின்னர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் படித்துக்கொண்டே அதன் மெய்வல்லுநர் அணியில் பாய்ந்தார்; 1958இல் டோக்கியோவில் இலங்கையின் முதல் ஆசியத் தங்கப் பதக்கத்தை வென்றதும் அவரே. இலங்கைப் பல்கலைக்கழகம் அன்று ஒரு பாய்ச்சல்காரருக்குத் தர இயலாத பயிற்சித் தளத்தையும் போட்டிச் சூழலையும் அமெரிக்கக் கல்லூரி முறை தந்தது என்பதை மறுக்க முடியாது. அம்முறையைக் கண்டிப்பவர்கள் இதை மறந்துவிடுவது வழக்கம்.

கல்முனைக் கரையின் பிள்ளைக்கு அந்த வழி திறக்கவில்லை. திறக்க வேண்டிய தேவையும் ஒரு வகையில் இருக்கவில்லை. அரச பல்கலைக்கழகங்களில் கட்டணம் இல்லாத நாட்டில், கட்டண விலக்கைக் கூலியாகக் கொடுக்க முடியாது. அனுமதியை க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் புள்ளியும் மாவட்டப் பங்கீடுமே தீர்மானிக்கின்றன. கல்வி வசதியில் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் அம்பாறையும் இருப்பதால், இம்மாவட்ட மாணவருக்குக் கிடைக்கும் சலுகையும் பரீட்சை வழியாகவே கிடைக்கிறது. விளையாட்டில் தேசிய, சர்வதேச மட்டத்தில் சாதித்தவர்களுக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு விசேடமாகச் சில இடங்களை ஒதுக்குகிறது. ஆனால் அவர்களும் உயர்தரத்தில் குறைந்தபட்சத் தகைமையைப் பெற்றிருக்க வேண்டும். போரினால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கும் வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கும் போய்ப் படிக்க முடியாமல் போன மாணவர்களின் இடர் காரணமாக, அப்போதைய அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரபின் முயற்சியால் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996இல் முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்த ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் நிலைமை இதுவே. அங்கே அணியில் ஆடும் மாணவனுக்கும் நூலகத்தை விட்டு நகராத மாணவனுக்கும் கிடைப்பது ஒரே மகாபொல உதவிப்பணம்தான். 1981இல் அமைச்சர் லலித் அத்துலத்முதலி நிறுவிய அந்நிதியம் வழங்கும் மாதத் தொகை, நெடுங்காலம் 5,000 ரூபாய் அளவில் இருந்து, 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஒரு வேகப்பந்து வீச்சாளனின் சப்பாத்துக்கு அது போதுமா என்பதைச் சப்பாத்துக் கடையில் கேட்டால் தெரியும். அணிக்காக ஆடியவனுக்குப் பல்கலைக்கழகம் தனியாகக் கொடுப்பது 'வர்ணம்' ஒன்றே. ஆங்கிலேயப் பல்கலைக்கழக மரபிலிருந்து வந்த இவ்வழக்கத்தின்படி, 'வர்ண இரவு' என்னும் விழாவில் சின்னம் பொறித்த கோட்டு அணிவிக்கப்படுகிறது. கிழக்கின் வெயிலில் அதை இரண்டாம் முறை அணிபவர் குறைவு.

ஆகவே இக்கரையில் உண்மையான கூலி படிப்பு முடிந்த பிறகே தொடங்குகிறது. அதன் முதல் வடிவம் அரச உத்தியோகம். இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் ஆகிய நான்கும் தத்தம் அணிகளுக்காக வீரர்களைச் சேர்த்துக்கொள்கின்றன. சேர்ந்தவர் பெறுவது படைவீரரின் சம்பளம், ஆனால் அவருடைய நாளின் பெரும்பகுதி பயிற்சியில் கழிகிறது. சென்னையின் தெற்கு ரயில்வேயும் பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையும் வீரர்களுக்கு வேலை கொடுத்த முறையும் இதுவே. சட்டப்படி இவ்வாறு சேர்ந்தவர் தொழில்முறை வீரர் அல்லர். நடைமுறையில் முழுநேர வீரர். இலங்கையின் மெய்வல்லுநர், கரப்பந்து, கபடி ஆகிய துறைகளில் படையணிகள் ஓங்கி நிற்பதற்கும் ஊர்க் கழகங்கள் இளைஞரைப் பதினெட்டு, பத்தொன்பது வயதில் இழந்துவிடுவதற்கும் இதுவே காரணம். ஊரில் உருவானவன், உருவாக்கிய ஊருக்கு எதிரணியில் நின்று ஆடுகிறான். உருவாக்கிய பாடசாலைக்கு ஒரு சதமும் வருவதில்லை.

இந்த வாசலும் முஸ்லிம் இளைஞருக்கு எல்லாக் காலத்திலும் அகலத் திறந்திருக்கவில்லை. சிங்கள மொழி ஒரு தடை. 1990 ஜூனில் கல்முனை உள்ளிட்ட கிழக்கின் பொலிஸ் நிலையங்களில் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸார் கொல்லப்பட்ட பின்னர், பிள்ளை சீருடை அணிவதைப் பல வீடுகள் விரும்பவில்லை. மாலை மங்கினால் வீதி அடங்கும் ஆண்டுகளில் பயிற்சியும் அடங்கியது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கி மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கும் அதிகமானோரைக் கொண்டுபோன பிறகு, எஞ்சிய திடல்கள் பலவற்றில் கூடாரங்களே நின்றன.

இரண்டாவது வடிவம் சான்றிதழ். வலயமட்டம், மாகாணமட்டம், தேசியமட்டம் என்று ஏறும் பாடசாலைப் போட்டிகளில் கிடைக்கும் ஒவ்வொரு தாளும் நேர்முகப் பரீட்சையில் புள்ளியாக மாறக்கூடியது. இக்கரையின் வீடுகளில் அலுமாரியின் மேல்தட்டில், காணி உறுதியோடும் பிறப்புச் சான்றோடும் சேர்த்து, ஒளிபுகும் பிளாஸ்டிக் உறைகள் கொண்ட கோவை ஒன்று இருக்கும். உள்ளே இல்ல விளையாட்டுப் போட்டியின் தாள் முதல் தேசியமட்டத் தாள் வரை ஏறுவரிசையில் அடுக்கப்பட்டிருக்கும், பிரதிகளின் மூலையில் அதிபரின் அல்லது சமாதான நீதவானின் 'உண்மைப் பிரதி' முத்திரை விழுந்திருக்கும். இக்கோவை உடற்கல்வி ஆசிரியர் நியமனத்துக்கும், பயிற்றுவிப்பாளர் பதவிக்கும், வங்கி வேலைக்கும் தூக்கிச் செல்லப்படுகிறது. பணமல்ல என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட பரிசு, இவ்வாறு பணமாக மாற்றக்கூடிய பத்திரமாகிவிட்டது. இதன் விளைவு விளையாட்டிலும் தெரிகிறது. ஏராளமான பாடசாலைகள் மோதும் கிரிக்கெட்டில் தேசியமட்டத் தாள் பெறுவது அரிது; சில பாடசாலைகளே பங்குபற்றும் புதிய விளையாட்டு ஒன்றில் அது எளிது. ஊரில் ஒருவரும் பார்க்காத விளையாட்டுக்குப் பாடசாலையில் அணி இருப்பதும், ஊரே திரண்டு பார்க்கும் உதைபந்தாட்டத்துக்கு ஒழுங்கான வலைகூட இல்லாதிருப்பதும் இப்படித்தான் நேர்கின்றன.

மூன்றாவது வடிவம் எல்லாவற்றிலும் வெளிப்படையானது. பெருநாள் கழிந்த வாரங்களில் கல்முனைச் சந்தாங்கேணி மைதானத்திலும் அயலூர்த் திடல்களிலும் நடைபெறும் மென்பந்துக் கிரிக்கெட், உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டிகளில், இறுதியாட்டம் நெருங்க நெருங்க அணியில் புதுமுகங்கள் தோன்றுவது வழமை. வெளியூரிலிருந்து ஓர் ஆட்டத்துக்கெனக் கொண்டுவரப்படும் இவர்களுக்குப் பயணச் செலவு, சாப்பாடு, அதற்கு மேல் ஒரு தொகை என்று பேசப்படுகிறது. தொகை பெரும்பாலும் கட்டாரிலோ சவூதியிலோ உழைக்கும் கழக உறுப்பினர் ஒருவரின் கையிலிருந்து வருவது. 1977க்குப் பின் திறந்த பொருளாதாரமும் வளைகுடாப் பயணமும் போடியாரின் இடத்தில் அமர்த்திய புதிய புரவலர் இவரே. வாங்குபவர் பாடசாலை மாணவராக இருந்தால், பணத்தை வீட்டார் அறிவார்கள், பாடசாலை அறியாதிருக்கும், அல்லது அறியாதது போல் இருக்கும். கிண்ணம் ஊருக்கு வந்தால் மகிழ்ச்சிதான். ஆனால் ஆண்டு முழுதும் திடலைக் கூட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டு, முதற் சுற்றுகளை ஆடி வென்ற உள்ளூர்ப் பையன் இறுதியாட்டத்தில் எல்லைக் கோட்டுக்கு வெளியே தண்ணீர்ப் போத்தலோடு நிற்கிறான். காசு கொடுத்த விளையாட்டைப் பற்றி உலகெங்கும் எழுதப்படும் நீண்ட விவாதத்தின் சாரம் அந்தத் தண்ணீர்ப் போத்தலில் இருக்கிறது.

இம்மூன்று வடிவங்களுமே ஆண்களை மையமாகக் கொண்டவை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சுற்றுப்போட்டிப் பணத்தில் பெண்களுக்குப் பங்கில்லை. படையணி வேலையை முஸ்லிம் குடும்பங்கள் மகள்மாருக்குப் பெரும்பாலும் ஏற்பதில்லை. எஞ்சுவது சான்றிதழ் ஒன்றே. மாகாணமட்டம் வரை ஓடிய மாணவி, ஆசிரியை நியமனத்தோடு சப்பாத்தைக் கழற்றிவிடுகிறாள். கூலி கிடைத்த அன்றே விளையாட்டு நின்றுபோகும் விசித்திரம் இங்கேதான்.

கொழும்பிலும் கண்டியிலும் பெரும் பாடசாலைகள், சிறப்பாக ரக்பியிலும் கிரிக்கெட்டிலும், தூரத்து ஊர்களின் திறமையாளரை விடுதியும் இலவச உபகரணமும் கொடுத்து உயர்தர வகுப்புக்கு இழுத்துக்கொள்வது பற்றிப் பல ஆண்டுகளாகக் கசப்பு நிலவுகிறது. ரக்பி வேரூன்றாத தென்கிழக்குக் கரையில் இக்கசப்பின் தாக்கம் சிறிது. கடினபந்துக் கிரிக்கெட்டில் ஓரளவு உண்டு.

இதற்கிடையில் அமெரிக்காவில் பழைய கேடயம் உடைந்தது. 2021 ஜூன் 21ஆம் திகதி, ஓல்ஸ்டன் வழக்கில், கல்விசார் உதவிகளுக்குக் கல்லூரிச் சங்கம் வைத்த உச்சவரம்பை அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்களும் ஒருமனதாக நிராகரித்தனர். அடுத்த மாதமே மாணவர்கள் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரங்களுக்கு விற்க அனுமதி கிடைத்தது. 2025 ஜூன் 6ஆம் திகதி நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஹவுஸ் வழக்கின் இணக்கம், முன்னாள் வீரர்களுக்கு ஏறத்தாழ 280 கோடி டொலர் நிலுவை வழங்கவும், அவ்வாண்டு ஜூலை முதல் இணக்கத்தில் சேரும் ஒவ்வொரு கல்லூரியும் முதல் ஆண்டில் சுமார் 2 கோடி 5 லட்சம் டொலர் வரை நேரடியாக வீரர்களுக்குப் பகிரவும் வழி செய்தது. அப்பணத்தின் மிகப் பெரும் பங்கு தொலைக்காட்சியில் விலைபோகும் அமெரிக்க உதைபந்தாட்டத்துக்கும் அடுத்து ஆண்களின் கூடைப்பந்துக்கும் போகிறது. நிலுவைப் பங்கீடு பெண்களுக்கு அநீதியானது என்று மேன்முறையீடு எழுந்தது. நீச்சல், டெனிஸ் போன்ற துறைகளின் அணிகளைச் சில கல்லூரிகள் கலைக்கத் தொடங்கின. கூடிய விலை தேடி ஆண்டுதோறும் கல்லூரி மாறும் வீரர்கள் பெருகினர். எதிர்வீரசிங்கம் போன்ற ஓர் உயரம் பாய்பவருக்கு இடம் கொடுத்த மெய்வல்லுநர் அணிகளும் அந்நெருக்கடிக்குள் அடங்கும்.

பொத்திக் கொடுத்த சந்தோசமும், புலமைப்பரிசில் என்ற பெயரில் வந்த கூலியும் ஒரே கூச்சத்தின் இரு வடிவங்கள். அமெரிக்கா எழுபது ஆண்டுகள் காத்திருந்து அக்கூச்சத்தை நீதிமன்றத்தில் கழற்றியது. கல்முனைக் கரையில் பொல்லடி அண்ணாவியாரின் சால்வைக்கும் சந்தாங்கேணியின் ஒருநாள் வீரனின் உறைக்கும் இடையே நூறு ஆண்டு கழிந்திருந்தும், தொகையைக் கையெழுத்துப் பெற்றுக் கொடுக்கும் வழக்கம் இன்னும் வரவில்லை. கழகப் பொருளாளரின் கணக்குக் கொப்பியில் அது 'வாகனச் செலவு' என்றோ 'சாப்பாடு' என்றோதான் எழுதப்படுகிறது.